சந்து ஜன்னல்

எங்கள் கடையை மியூசியம் ஆக்கப்போகிறோம் என்று தெருக்காரர்கள் வந்து சொன்ன அன்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மியூசியம் என்றால் ராஜாவின் வாள், கற்சிலை, பழைய காசு என்று இருக்கும். பள்ளிக்கூடத்தில் படித்தபோது வேலூர்க் கோட்டைக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருக்கிறார்கள். ஒரு மளிகைக் கடையில் என்ன இருக்கிறது? எலி கடித்த கோணியும் எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பலகையும். இதைப் பார்க்க யார் வருவார்கள் என்று கேட்டேன். அவர்களுக்குத் தலைவராக வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் கடைப் படியில் நின்றதைச் சொல்ல ஆரம்பித்தார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. மளிகைக் கடைக்காக அழுகிற ஆம்பளையை அன்றுதான் பார்த்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் காபி போட உள்ளே போய்விட்டேன்.

ஆம்பூரில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், தோல் பதனிடும் டேனரிகளுக்குப் போகிற தெருமுனையில் இருக்கிறது கடை. என் கணவரின் தாத்தா ஆரம்பித்தது. பிறகு மாமனார் நடத்தினார், பிறகு என் கணவர். அவருக்கு முழங்கால் போனதும், பைபாஸ் ஓரத்தில் குளுகுளு கடை வந்ததும் ஒரே சமயத்தில் நடந்தது. தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு தானே எடுத்துப் போட்டுக்கொள்வதில் ஜனங்களுக்கு அப்படி ஓர் ஆனந்தம். நாங்கள் பலகைக் கதவைச் சாத்தினோம். பெங்களூரில் இருக்கும் மகன் விற்றுவிடுங்கள் என்றான். ஷூ கம்பெனிக்காரர் ஒருவர் குடோனுக்குக் கேட்டார். அந்த நேரத்தில்தான் தலைமையாசிரியர் வந்து நின்றார். என் கணவர் "சரி" என்றார். அவ்வளவுதான். அவர் பேச்சையும் தராசில் நிறுத்துத்தான் கொடுப்பார். ஒரு சொல் கூடுதலாக விழாது. இந்த வீட்டில் பேசுகிற வேலை முழுவதும் என்னுடையது. அதை நான் குறையில்லாமல் செய்திருக்கிறேன்.

மியூசியம் என்றதும் நான் மனசுக்குள் முதலில் பார்த்தது ஜன்னலைத்தான்.

கடையின் முன்பக்கம் எல்லாருக்கும் தெரியும். பலகைக் கதவு, கல்லா, தொங்குகிற தராசு, உத்தரத்திலிருந்து இறங்கும் சணல் நூல், மிட்டாய் ஜாடிகள். ஆனால் வலது பக்கச் சுவரில், சந்தைப் பார்த்து ஒரு சின்ன ஜன்னல் உண்டு. முழங்கை நீளம்தான் அகலமும் உயரமும். கம்பி கிடையாது. கெட்டியான மரக்கதவு, அதற்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள், கீழே சாமான் வைக்க ஒரு பலகை. ஜன்னலுக்கு உள்ளே, அரிசி மூட்டைகளுக்கு நடுவில் என் முக்காலி. சந்து பள்ளம், கடைத்தரை மேடு. அதனால் உள்ளே உட்கார்ந்தால் வெளியே நிற்பவர்களின் கைதான் தெரியும். எட்டிப் பார்த்தால் உச்சந்தலையோ முக்காடோ தெரியும். முகம் பார்க்க வேண்டுமானால் தலையை வெளியே நீட்ட வேண்டும், நீட்டினால் திரும்ப உள்ளே இழுப்பதற்குள் காது சிராய்த்துவிடும். ஒரு தடவை நீட்டி அனுபவப்பட்டு அதோடு விட்டுவிட்டேன்.

நான் குடியாத்தத்தில் தறி வீட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டில் லுங்கித் தறி ஓடுகிற சத்தத்துக்கு மேல் கத்திப் பேசினால்தான் காதில் விழும். அதனால் எனக்கு இயல்பிலேயே குரல் ஜாஸ்தி. கல்யாணமாகி இங்கே வந்தால் கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குள் சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ஆம்பளைகளின் பேச்சு. முன்பக்கம் எப்போதும் ஆம்பளைகள்தான். பீடியும் அரசியலுமாக நிற்பார்கள். பெண்பிள்ளை ஒருத்தி சாமான் வாங்க வந்தால் எல்லாரும் ஒரு நிமிஷம் பேச்சை நிறுத்திவிட்டு அவள் என்ன வாங்குகிறாள் என்று பார்ப்பார்கள். அதற்குப் பயந்தே பாதிப் பேர் பிள்ளைகளை அனுப்புவார்கள். பிள்ளை சீயக்காய் என்று சொல்ல வேண்டிய இடத்தில் சீரகம் என்று வாங்கிக்கொண்டு போகும். ஜன்னல் அப்போது மூடிக் கிடந்தது. முன்னால் மூட்டைகள் அடுக்கியிருந்தன. அங்கே ஒரு ஜன்னல் இருப்பதே எனக்குத் தெரியாது.

எதிர்வீட்டில் வயதான பீபி ஒருவர் இருந்தார். உருதுதான் பேசுவார், தமிழ் அரைகுறை. நோன்புக் கஞ்சிக்குச் சாமான் கேட்டு பேரனை மூன்று முறை அனுப்பினார். மூன்று முறையும் தப்பாகப் போயிற்று. நாலாவது தடவை பொறுமை போய், துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு தானே சந்துக்கு வந்து சுவரைத் தட்டினார். உள்ளே நான் பயந்துவிட்டேன். "பேட்டி, இங்க ஜன்னல் இருக்கு, தொற" என்றார். பேட்டி என்றால் அவர் பாஷையில் மகளே என்று அர்த்தம். மூட்டைகளைத் தள்ளினேன். சொன்னபடி ஜன்னல் இருந்தது. தாழ்ப்பாள் துருவேறி அசையவில்லை. தேங்காய் எண்ணெய் விட்டு இழுத்தேன். திறந்ததும் மருதாணி வைத்த ஒரு கை உள்ளே வந்தது. அந்தக் கைக்குப் பச்சரிசியும் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். கல்லாவில் உட்கார்ந்திருந்த என் கணவர் திரும்பிப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆனது. வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். சரி என்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் இரண்டு கைகள் வந்தன. அந்த நோன்பு முடிவதற்குள் சந்தில் வரிசை நின்றது.

அந்த வருடங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது. பேர் தெரியாது, முகம் தெரியாது, கைகளைத் தெரியும். ஒருத்தி மருதாணிக்காரி. ஒருத்தி ஒற்றைத் தங்க வளையல். ஒருத்திக்குக் கட்டைவிரலில் தையல் மெஷின் ஊசி ஏறிய வடு, ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவள். டேனரியில் சாயப் பகுதியில் வேலை செய்கிற ஒருத்தி உண்டு. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் நகக்கண்ணில் கறுப்போ பழுப்போ ஒட்டியிருக்கும். அவளுக்கு நான் வைத்த பெயர் சாயவிரல்காரி. கை உள்ளே வந்ததும் நான் ஆளைச் சொல்லிவிடுவேன். அவர்களுக்கு அதில் ஒரு சந்தோஷம். சில நாள் வேண்டுமென்றே வளையலைக் கழற்றி வைத்துவிட்டு ஏமாற்றப் பார்ப்பார்கள். நானா ஏமாறுவேன்?

வியாழக்கிழமை சாயங்காலம் சீரகச் சம்பா எடுத்துக் கட்டியே எனக்குத் தோள் விட்டுப்போகும். மறுநாள் தெரு முழுக்க பிரியாணி வாசனை, டேனரி வாடையையே அமுக்கிவிடும். ஆடி மாதம் கூழுக்குக் கேழ்வரகு. கிறிஸ்துமஸ் வந்தால் மைதாவும் டால்டாவும். முன்பக்கம் போய்க் கேட்க முடியாத சாமான்கள் எல்லாம் என்னிடம்தான். மாதாமாதம் வேண்டிய பஞ்சுப் பொட்டலத்தைக் கேட்க அவர்கள் வாயே திறக்க வேண்டாம். கையை உள்ளே நீட்டி, விரலை ஒரு தடவை மடக்குவார்கள். நான் செய்தித்தாளில் சுற்றி, மேலே இரண்டு கறிவேப்பிலைக் கொத்து வைத்துக் கொடுப்பேன். போகிற வழியில் யார் பார்த்தாலும் கறிவேப்பிலை வாங்கிப் போகிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

சாமான் வாங்குவது கொஞ்ச நேரம். பேச்சுதான் ஜாஸ்தி. மாமியாரைப் பற்றி, மருமகளைப் பற்றி, எந்த வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், எந்த சூப்பர்வைசர் கை நீட்டினான், அவனை எப்படிச் சரிக்கட்டுவது. முகம் தெரியாததால் எல்லாவற்றையும் சொன்னார்கள். சாயவிரல்காரி வேலை விட்டு வரும்போது நேரே ஜன்னலுக்கு வருவாள். மேலெல்லாம் தோல் வாடை அடிக்கிறது, கோபிக்காதே என்று ஆரம்பத்தில் சொல்வாள். இந்த ஊரில் மூக்கை வைத்துக்கொண்டு குடித்தனம் பண்ண முடியுமா, போடி பேஜார் பண்ணாதே என்பேன். அவள் புருஷன் வேறு ஒருத்தியோடு ஜோலார்பேட்டைப் பக்கம் போய்விட்ட செய்தியை அந்த ஜன்னலில்தான் சொன்னாள். கை மட்டும் பலகை மேல் அசையாமல் இருந்தது. அன்றைக்கு நான் எதுவும் பேசவில்லை. என்னையும் பேசாமல் செய்த ஒரே ஆள் அவள்தான்.

இதெல்லாம் எனக்கு எவ்வளவு பெரியது என்று கடையைப் புதுப்பிக்க வந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்கள் எல்லாரும் ஆம்பளைகள். முன்பக்கப் படியில் நின்று மிட்டாய் வாங்கியவர்கள். எங்களை ஒரு மாதம் உள்ளே வர வேண்டாம் என்றார்கள். பலகைகளைச் சுரண்டி மெழுகு பூசினார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். தெருவில் யார் யாரோ தங்கள் வீட்டுப் பரணிலிருந்து பழைய டின், படி, ஆழாக்கு என்று கொண்டுவந்து கொடுத்தார்கள். முடிந்ததும் எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். தராசைப் பார்த்ததும் என் கணவர் கையை நீட்டித் தட்டைத் தொட்டுப் பார்த்தார். நான் நேரே வலது பக்கம் போனேன். ஜன்னல் இருந்த இடத்தில் ஜன்னல் இல்லை. பிளைவுட் அடித்து, வெள்ளைப் பெயிண்ட் பூசி, என் மாமனாரின் படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தார்கள். என் முக்காலியையும் காணோம்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. யாரைக் கேட்டு மூடினீர்கள் என்று போட்ட சத்தத்தில் வெளியே டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். தலைமையாசிரியர் என்னைத் தனியாக ஓரமாக அழைத்துப் போனார். ரொம்பத் தணிந்த குரலில் பேசினார். நல்ல மனிதர், அதில் சந்தேகம் இல்லை.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. அந்தக் காலத்துல காலனி ஆளுங்கள முன்பக்கம் விடமாட்டாங்க. சந்துல நிக்கவெச்சு இந்த ஜன்னல் வழியாத்தான் சாமான் கொடுப்பாங்க. இப்ப ஸ்கூல் பசங்கள்லாம் வரப்போறாங்க. உங்க குடும்பத்துக்கு எதுக்கு அந்தக் கெட்ட பேருன்னுதான் மறைச்சோம்."

நான் அவரை விட்டேனா? இது பெண்களின் ஜன்னல், நான் கையால் திறந்த ஜன்னல், டேனரி முதலாளி வீட்டுப் பெண்களே இங்கேதான் நின்றார்கள், எந்தப் புறம்போக்கு உங்களுக்கு இந்தக் கதையைச் சொன்னான் என்று கத்தினேன். அவர் என் தோளுக்கு மேலாக என் கணவரைப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் தராசுத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து சோறு போட்டேன். சாப்பிடுகிற ஆளை விடாமல் கேட்டேன். ஏன் வாயை மூடிக்கொண்டு நின்றீர்கள், அந்தாள் சொன்னது பொய் என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று. அவர் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டார்.

"அவர் சொன்னதுல தப்பு இல்ல" என்றார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கடை கட்டும்போதே தாத்தா அதற்காகத்தான் அந்த ஜன்னலை வைத்தாராம். சந்துத் தரையைப் பள்ளமாக விட்டதும் அதற்குத்தானாம். டேனரியில் தோல் சுமக்கிற ஆட்கள் சாயங்காலம் வந்து கீழே நிற்பார்கள். பலகையில் காசை வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்ள வேண்டும், பிறகுதான் சாமான் வரும். மாமனார் காலத்தில் ஒருநாள் காலனிக்காரர்கள் சேர்ந்து நேரே முன்பக்கம் வந்து நின்றார்கள். மாமனார் கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். பிறகு தராசை எடுத்து, என்ன வேண்டும் என்று கேட்டாராம். அன்றைக்கே ஜன்னலைச் சாத்தி, முன்னால் மூட்டையை அடுக்கச் சொன்னார். அந்த மூட்டையைத்தான் நான் தள்ளியிருக்கிறேன்.

இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"தொறந்துட்டு நீ அவ்ளோ சந்தோஷமா இருந்தே. எப்படிச் சொல்றது?"

தாத்தா செய்ததற்கு நான் என்ன செய்ய முடியும் என்று ஒரு பக்கம் மனசு சொன்னது. ஆனால் இன்னொன்று உள்ளே புகுந்துகொண்டு அரித்தது. பீபி வீட்டாருக்கு அந்த ஜன்னலின் கதை எப்படியோ, காலனிப் பெண்களுக்குத் தெரியாமல் இருக்குமா? அவர்களுடைய அம்மாக்கள் நின்ற இடம். புது மருமகள் ஒருத்தி வந்து மூடியதை மறுபடியும் திறக்கிறாள் என்றால் அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்? பழைய சட்டம் திரும்பி வந்துவிட்டது என்று நினைத்துத்தான் என் ஜன்னலுக்கு வந்தார்களா? காலனியிலிருந்து சாயவிரல்காரி என்னிடம் வந்ததெல்லாம் அதனால்தானா? நான் சிநேகிதம் என்று நினைத்துக் கொண்டாடியது அவளுக்கு அவமானமாக இருந்ததா? அப்படியென்றால் பிளைவுட் அடித்ததே சரி. மேலே இன்னும் நாலு ஆணி அடிக்கலாம்.

இதை அவளிடம்தான் கேட்க முடியும். வேறு யார் சொன்னாலும் எனக்கு மனசு ஆறாது.

ரயில் கேட்டைத் தாண்டிக் காலனிக்குப் போனேன். நாற்பது வருடமாகக் கேட்டுக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில்தான் போயிருக்கிறேன், நடந்து போனதில்லை. சாயப் பகுதியில் வேலை செய்து, புருஷன் விட்டுப்போன பிறகு மகளைத் தனியாக வளர்த்த அம்மா வீடு எது என்று கேட்டேன். சிமென்ட் போட்ட சின்ன வீடு. மாடிப்படி ஏறும் இடத்தில் துளசியும் கற்றாழையும் பெயிண்ட் டப்பாவில். கதவைத் திறந்தவளை நான் பார்த்ததில்லை. நரைத்த முடி, நல்ல உயரம். கையைப் பார்த்தேன். வேலை விட்டுப் பல வருடம் ஆகியும் நகக்கண்ணில் அந்தப் பழுப்பு லேசாக இருந்தது.

அவளும் என்னை யார் என்று தெரியாமல்தான் பார்த்தாள். நான் பேச ஆரம்பித்ததும் முகம் மலர்ந்தது. "குரலப் பாத்து நீ பெரிய ஆளா இருப்பேன்னு நெனச்சேன்க்கா. இவ்ளோதானா நீ?" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மகள் ஷூ கம்பெனியில் செக்கிங் வேலையில் இருக்கிறாள், பேரப்பிள்ளை வேலூரில் காலேஜ் படிக்கிறது என்றெல்லாம் சொன்னாள். டீ கொடுத்தாள். குடித்து முடிக்கிற வரைக்கும் எனக்குப் பொறுமை இல்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வந்த விஷயத்தை ஒளிக்காமல் கேட்டுவிட்டேன். நான் ஜன்னலைத் திறந்தபோது நீ என்ன நினைத்தாய் என்று.

அவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"பயந்தேன்க்கா. மறுபடியும் ஆரம்பிச்சுட்டாங்களோன்னு. எங்கம்மாதான், போய்ப் பாத்துட்டு வான்னு அனுப்புச்சு. நானும் ஒரு கை பாத்துடறதுன்னுதான் வந்தேன். வந்து பாத்தா சந்துல பாய் வூட்டுப் பொம்பளைங்க நிக்கிறாங்க. எங்க முதலாளி வூட்டம்மா நிக்குது. அது பின்னால நானும் நின்னேன்."

அதற்குப் பிறகு முன்பக்கம் போகலாமே, ஏன் போகவில்லை என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில், இவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்கிற அலுப்பு இருந்தது.

"போனேனே. எண்ணெய் வாங்க முன்பக்கம்தான் போவேன். ஆனா அங்க போனா சாமான் மட்டுந்தான் கெடைக்கும்."

நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அவள் என்னைத் தேற்றவில்லை. பேசி முடிக்க வேண்டியது இன்னும் இருந்தது அவளுக்கு. தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். ஐப்பசி மழையில் தலையில் கோணியைக் கவிழ்த்துக்கொண்டு அந்தச் சந்துத் தண்ணீரில் நின்றதை, உள்ளே முன்பக்கத்து ஆட்களுக்கெல்லாம் கொடுத்து முடிக்கிற வரை நின்றதை, வைத்த காசுக்குக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்ததை. அம்மா அதை எப்போதும் கோபமாகச் சொன்னதில்லையாம், உப்பு வாங்கி வந்தேன் என்கிற மாதிரித்தான் சொல்லுமாம். அதைக் கேட்டால் இவளுக்குத்தான் பற்றிக்கொண்டு வருமாம்.

ஜன்னலைப் பிளைவுட் போட்டு மூடிவிட்டார்கள் என்று நான் சொன்னதும் அவள் எழுந்தே விட்டாள்.

"அத மறைச்சா எங்கம்மா நின்னதே இல்லன்னு ஆயிடும்க்கா. தொறக்கச் சொல்லு."

திரும்பி வரும்போது கேட் போட்டிருந்தார்கள். நீளமான சரக்கு ரயில் போயிற்று. நான் அது போகிற வரைக்கும் நின்று, தலைமையாசிரியரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். இந்த முறை கத்தக் கூடாது என்று முடிவு செய்தேன்.

கத்தவில்லை. ஆனால் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. திறப்பு விழாவுக்குப் பெரிய அதிகாரி வருகிறார், பத்திரிகைக்காரர்கள் வருவார்கள், ஊர் ஒன்றாகச் சேர்ந்து சந்தோஷமாகச் செய்கிற காரியத்தில் இது எதற்கு என்றார். பெண்கள் வாங்கிய ஜன்னல் என்று மட்டும் வேண்டுமானால் எழுதித் திறந்து வைக்கலாம் என்று இறங்கி வந்தார். ஒரு வாரத்துக்கு முன்னால் அவர் அப்படிச் சொல்லியிருந்தால் நான் துள்ளிக் குதித்திருப்பேன். எனக்கு வேண்டியதும் அதுதானே. இப்போது அதில் அவள் அம்மா இல்லை. வேண்டாம் என்று நான் சொல்வதற்குள், என் கணவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து சுவர்ப் பக்கம் நடந்தார். தன் அப்பாவின் படத்தைக் கழற்றிக் கீழே சுவரில் சாய்த்து வைத்தார்.

"எங்க தாத்தா எதுக்கு வெச்சாரோ அத எழுதுங்க. எங்கப்பா ஏன் மூடினாரோ அதயும் எழுதுங்க. அப்பறம் இவ தொறந்தத எழுதுங்க. எழுத முடியாதுன்னா கடைய குடோனுக்குக் கொடுத்துடறேன்."

அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. தலைமையாசிரியர் அந்த இடத்திலேயே தச்சனுக்கு போன் போட்டார். இந்த மனுஷனுடன் இத்தனை வருடம் குடித்தனம் பண்ணியும் இவரைச் சரியாகத் தெரிந்துகொள்ளவில்லையே என்று எனக்கு அன்றைக்கு ஒரு பக்கம் கோபம், ஒரு பக்கம் பெருமை. இரண்டையும் காட்டிக்கொள்ளாமல் ராத்திரி சாப்பாட்டுக்கு அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் கொத்சு செய்தேன்.

முன்பக்கம் முதல் பலகையை என் கணவர் எடுப்பது என்றும், ஜன்னலை நான் திறப்பது என்றும் ஏற்பாடு. நான் முடியாது என்றேன். ஒரு தடவை நான் திறந்தாயிற்று. இந்தத் தடவை அவள்தான் திறக்க வேண்டும் என்றேன். அவளுக்குச் சொல்லி அனுப்பியதும், சந்தில் நின்று எப்படித் திறப்பது, தாழ்ப்பாள் உள்ளே அல்லவா இருக்கிறது என்று பதில் வந்தது. ஆமாம், அதனால்தான் என்று திருப்பிச் சொல்லி அனுப்பினேன்.

திறப்பு விழாவன்று அவள் மயில் கழுத்து நிறத்தில் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு மகளோடு வந்தாள். வாசல் படி வரைக்கும் விறுவிறுவென்று வந்தவள், கல்லாவைத் தாண்டி உள்ளே போகிற இடத்தில் நின்றுவிட்டாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு நாள் கொடுத்து வாங்கியும் எல்லாம் பலகை மேல் வைத்து எடுத்ததுதான். அந்தக் கையை நான் தொட்டது அதுதான் முதல் தடவை. கரகரப்பாக, சூடாக இருந்தது. மூட்டைகளுக்கு நடுவே கூட்டிப்போய், எங்கிருந்தோ தேடிக் கொண்டுவந்து வைத்திருந்த என் முக்காலியில் உட்கார வைத்தேன். பக்கத்துச் சுவரில் எழுதி மாட்டியிருந்ததை அவள் மகள் வாய்விட்டுப் படித்தாள். தாத்தா வைத்தது, அங்கே யார் நின்றார்கள், ஏன் நின்றார்கள், யார் முன்பக்கம் வந்து நின்றதால் மூடியது, பிறகு யார் திறந்தது என்று எல்லாம் இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றவர்கள் என்கிற வரி வந்ததும் மகளை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

பிறகு தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. நான் வாயைக் கட்டிக்கொண்டு நின்றேன். இரண்டு கையாலும் பிடித்து இன்னொரு முறை இழுத்தாள். கதவு சத்தத்தோடு திறந்து, சந்து வெளிச்சம் அவள் மடியில் விழுந்தது.

சந்தில் பெண்கள் நிறைந்து நின்றார்கள். விழா முன்பக்கம் என்று அறிவித்திருந்தும், கால் பழகிய பக்கம் வந்துவிட்டிருந்தார்கள். காலனிப் பெண்கள், பர்தா போட்டவர்கள், ஷூ கம்பெனி யூனிஃபார்மோடு வந்தவர்கள். ஒரு மருதாணிக் கை உள்ளே நுழைந்தது. பீபி வீட்டு மருமகளாகத்தான் இருக்க வேண்டும்.

"அரைக் கிலோ சீரகச் சம்பா" என்றது வெளியிலிருந்து ஒரு குரல், சிரிப்போடு. சந்து முழுக்கச் சிரித்தது.

கடையில் விற்க ஒரு மணி அரிசி இல்லை. ஜாடியிலும் மூட்டையிலும் இருந்ததெல்லாம் பார்வைக்கு. முக்காலியில் உட்கார்ந்திருந்தவள் பலகை மேல் இருந்த கையைப் பார்த்தாள், பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாக்கா சொல்றது?"

அந்த ஜன்னலில் நான் சொல்லாத வார்த்தை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்று பாக்கி இருந்தது.

"உள்ள வரச் சொல்லு" என்றேன்.

அவள் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். காது உரசியிருக்கும், பொருட்படுத்தவில்லை. "வாசல் அந்தப் பக்கம் இருக்கு. எல்லாரும் உள்ள வாங்க" என்று எனக்கே இல்லாத குரலில் கூப்பிட்டாள்.